அட்டையில் இல்லாத பெயர்கள்



ஒரு நாவலின் அட்டையில் எழுதியவர் பெயர் மட்டும்தான் இருக்கும். அது வெளிவருவதற்காகப் பணத்தையும் நேரத்தையும் பொறுமையையும் கொடுத்தவர்களின் பெயர் அங்கே இருக்காது. அப்படிப்பட்ட சிலரைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறேன்.

'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலை உங்களில் சிலர் பள்ளியில் படித்திருப்பீர்கள். அதை எழுதிய ஹார்ப்பர் லீ, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மன்ரோவில் என்ற சிற்றூரில் 1926-ல் பிறந்தவர். அப்பா வழக்கறிஞர். மகளும் சட்டம் படிக்கத் தொடங்கினார். ஆனால் படிப்பை முடிக்காமலே, எழுத வேண்டும் என்ற ஆசையோடு 1949-ல் நியூயார்க்குக்குப் போனார். அங்கே விமானக் கம்பெனியில் டிக்கெட் முன்பதிவு செய்யும் வேலை கிடைத்தது. வேலை போக மிஞ்சிய நேரத்தில்தான் எழுத முடிந்தது. இப்படியே ஏழு வருடங்கள் ஓடிவிட்டன.

1956 கிறிஸ்துமஸுக்கு மைக்கேல் பிரவுன், ஜாய் பிரவுன் என்ற நண்பர்களின் வீட்டில் இருந்தார். கிறிஸ்துமஸ் மரத்தில் அவருக்காக ஒரு கவர் வைத்திருந்தார்கள். ஒரு வருடம் வேலையை விட்டுவிட்டு விரும்பியதை எழுது, அந்த வருடச் செலவு எங்களுடையது என்பதுதான் உள்ளே இருந்த செய்தி. அவர்கள் பெரிய பணக்காரர்கள் அல்ல, சிறு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்த குடும்பம். அந்த வருடம் கொஞ்சம் வருமானம் கூடுதலாக வந்தது. அதைத் தோழிக்காக எடுத்து வைத்துவிட்டார்கள்.

அடுத்த வருடமே கையெழுத்துப் பிரதி லிப்பின்காட் என்ற பதிப்பகத்துக்குப் போனது. ஏசாயா 21:6-ல் வரும் ஜாமக்காரனை வைத்து அதற்குத் தலைப்பு கொடுத்திருந்தார். இரவுப் பணி செய்கிற எனக்கு அந்தத் தலைப்பு மிகவும் பிடிக்கும். டே ஹோஹாஃப் என்ற பெண்தான் அங்கே எடிட்டர். வளர்ந்த ஒரு பெண் சொந்த ஊருக்குத் திரும்பி வருகிற கதை அது. ஆனால் அவளுடைய சிறுவயது நினைவுகள் வரும் பக்கங்களில்தான் உயிர் இருக்கிறது என்று ஹோஹாஃப் கண்டுகொண்டார். அந்தச் சிறுமியின் கண் வழியாகவே ஒரு நாவலை எழுதச் சொன்னார். அப்புறம் இரண்டு வருடங்களுக்கு மேல் எழுதுவதும் திருத்துவதுமாகவே போயிற்று. 1960 ஜூலையில் புத்தகம் வந்தபோது ஹார்ப்பர் லீக்கு 34 வயது. மறு வருடம் புலிட்சர் பரிசு கிடைத்தது.

இந்தக் கதையை நான் அடிக்கடி நினைப்பதற்குக் காரணம் உண்டு. ஆறு வருடங்களாக நானும் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாகர்கோவில் பக்கம் லேஸ் பின்னிக் குடும்பத்தைக் காப்பாற்றிய என் பாட்டியைப் போன்ற ஒருத்தியின் கதை. மூன்று பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். இரண்டிலிருந்து பதிலே இல்லை. மூன்றாவதிலிருந்து, முதல் பாதி நன்றாக இருக்கிறது, இரண்டாம் பாதியை மறுபடி எழுதினால் பார்க்கலாம் என்று பதில் வந்தது. வாசித்ததும் அழுகைதான் வந்தது. மூன்று வருட உழைப்பல்லவா அந்தப் பாதி! இரண்டு நாள் கழித்து மறுபடி வாசித்தபோதுதான் புரிந்தது: யாரோ ஒருவர் கடைசிப் பக்கம் வரை பொறுமையாக வாசித்திருக்கிறார். கனி கொடுக்கிற கொடியைத்தானே சுத்தம்பண்ணுவார்கள்?

இதைக் கேள்விப்பட்ட நம் சபை அக்கா ஒருவர், மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள் என் பிள்ளைகளைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போகிறார். மதியம் சோறு போட்டு, விளையாட விட்டு, மாலையில் கொண்டுவந்து விடுகிறார். அவர் நாவல் வாசிக்கிறவர் அல்ல. "நீ எழுதும்மா, பிள்ளைகளை நான் பார்த்துக்கிறேன்" என்பார், அவ்வளவுதான். அந்தச் சனிக்கிழமைகளில் இதுவரை நான்கு அதிகாரங்களைத் திருத்தி எழுதிவிட்டேன். நாவல் வெளிவருமா என்று எனக்குத் தெரியாது. வந்தால் அந்த அக்காவின் பெயரை முதல் பக்கத்தில் போடுவேன்.

எங்கள் வார்டில் ஒரு நோயாளி குணமாகி வீட்டுக்குப் போகும்போது, குணமாக்கியது நான்தான் என்று எந்த நர்ஸும் சொல்ல முடியாது. இரவில் பார்த்தவர் காலையில் வருகிறவரிடம் ஒப்படைக்கிறார், அவர் அடுத்தவரிடம். புத்தகமும் அப்படித்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

தம்பி தங்கைகளே, உங்களில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: திருத்தச் சொல்கிறவர்கள்மேல் கோபப்படாதிருங்கள். எழுதாதவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். உங்கள் நண்பர்களில் யாரோ ஒருவர் எழுதிக்கொண்டோ, வரைந்துகொண்டோ, இரண்டாவது முறை பரீட்சைக்குப் படித்துக்கொண்டோ இருப்பார். ஒரு வருடச் சம்பளத்தைக் கொடுக்க நம்மால் முடியாது. ஒரு சனிக்கிழமையைக் கொடுக்கலாம். அவர்கள் எழுதியதை முழுவதும் வாசித்து, உண்மையைப் பட்சமாகச் சொல்லலாம். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பது என்றால் இதுவும்தான். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவரிடம் போய், "உனக்கு என்ன உதவி வேண்டும்?" என்று கேட்டுப் பாருங்கள்.