அப்பாவின் தொட்டியில் ஒரு பச்சை ஓரம்

ஒடுகத்தூர் வீட்டின் முன்னறையில் இருக்கும் மீன்தொட்டி அப்பா தம் கையால் ஒட்டியது. ஆம்பூர்த் தோல் தொழிற்சாலை ஒன்றுக்கு முப்பது ஆண்டுகள் பேருந்தில் போய்வந்தவர், ஓய்வுபெற்றதும் சென்னை கொளத்தூரின் அலங்கார மீன் கடைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, ஐந்து கண்ணாடித் துண்டுகளைச் சிலிக்கான் பசையால் இணைத்தார். பசை உலர்ந்த இரண்டு நாளும் வீடெங்கும் காடி நெடி. இறுகும்போது அது அசிட்டிக் அமிலத்தை வெளியிடும் என்பதைப் பிற்பாடுதான் படித்தறிந்தோம்.

அவர் மறைந்தபின் தொட்டி கவனிப்பாரற்றுப் போயிற்று. சன்னல் வெயில் நேரே விழ, பாசி படர்ந்தது. மீண்டும் மீன் விடலாம் என்று அம்மா சொன்னதும் அண்ணனும் தம்பியுமாக உட்கார்ந்தோம்.

கண்ணாடி கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டது. மூலைகளில் ஓடிய பசைதான் பச்சையை விடவில்லை. கண்ணாடியைப் போல வழவழப்பானதன்று அது. நுண்ணிய மேடுபள்ளங்களில் பாசி வேர்கொண்டதுபோல் பற்றிக்கொள்கிறது, ஓரம் சற்றே தூக்கியிருந்தால் அடியிலும் நுழைந்துவிடுகிறது. சவர அலகை எடுத்தோம்.

“பிளேடு வெக்காதீங்கடா. அப்பா பாத்தா என்ன சொல்லுவாரு?”

அம்மா கேட்டது சரிதான். தோலின் சதைப் பக்கத்தைச் சுரண்டுகையில் கத்தி ஒரு நூல் ஆழ்ந்தாலும் தோல் வீண் என்பது அவர் அடிக்கடி சொன்னது. பசையில் கீறல் விழுந்தால் தொட்டி ஒழுகும். பழைய சிலிக்கான்மேல் புதியது சரியாக ஒட்டாது; உட்புறப் பசை முழுவதையும் அறுத்தெடுத்து மீண்டும் பூச வேண்டும்.

ஆகவே பொறுமையைக் கைக்கொண்டோம். உப்புநீர் விட்ட வெள்ளைக் கோட்டை முதலில் காடியால் கரைத்து, நன்றாகக் கழுவினோம். காடியும் பிளீச்சிங் திரவமும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். கழுவாமல் அடுத்ததைத் தொடலாகாது. பிறகு ஒரு பங்கு திரவத்துக்கு இருபது பங்கு நீர் சேர்த்து, அதில் நனைத்த பஞ்சைத் திரியாக்கி மூலைகளில் அரைமணி நேரம் கிடத்தினோம். பழைய பல்துலக்கியால் மெல்லத் தேய்த்தோம். பலமுறை அலசி, குளோரின் நீக்கி கலந்த நீரில் ஊறவைத்து, வாடை முற்றும் போகும்வரை உலரவிட்டோம்.

மூன்று மூலைகள் வெளுத்தன. நான்காவதில், அப்பா விரலால் இழுத்த பசை அலையலையாக நின்ற இடத்தில், அடியில் ஒரு மங்கிய பச்சை மிஞ்சிவிட்டது. அறுத்துவிடலாம் என்றார் அண்ணன். அந்த விரல்தடத்தை அறுக்க எங்களில் யாருக்கும் கை வரவில்லை.

மீன்தொட்டிக்கு மலையடிவாரக் கிணற்று நீரையே எடுத்து வருவார் அப்பா. பாலாற்றங்கரை நீர் ஆகாது என்பார். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் சொன்ன தொழில்தான் எங்களைப் படிக்கவைத்தது. அது நிலத்தடியில் விட்ட கறையை எந்தப் பஞ்சுத் திரியாலும் எடுக்க முடியாது. அவர் அதைப் பேசியதில்லை; குடத்தைச் சுமந்துவந்ததோடு சரி.

ஒரு வாரம் நீர் நிரப்பி வைத்துப் பார்த்தோம். ஒரு துளியும் கசியவில்லை. இப்போது தொட்டி சன்னலிலிருந்து தள்ளி நிற்கிறது. வெள்ளியன்று ஆட்டுச் சந்தைக்கு வரும் உறவினர்கள் அந்தப் பச்சையைக் காட்டி, இதை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்கிறார்கள். அம்மா பதில் சொல்வதில்லை. மீனுக்கு இரை தூவுகிறார்.