பந்துரீதி கேட்ட வழியிலிருந்து ஒரு நன்றி

அன்புள்ள ஹரீஷ் சிவராமகிருஷ்ணன், பிரவீண் குமார், சுவாமி சீதாராமன், ‘அகம்’ இசைக்குழுவின் மற்ற நண்பர்கள் அனைவருக்கும்,

சிட்னிக்குத் தெற்கே சுமார் 45 கிலோமீட்டரில் இருக்கிறது ஹெலன்ஸ்பர்க். நிலக்கரிச் சுரங்கத்தால் வளர்ந்த சிற்றூர். 1985இல் அங்கே வேங்கடேசப் பெருமாளுக்குக் கும்பாபிஷேகம் ஆனதிலிருந்து எங்களுக்கு அதுதான் திருப்பதி. அந்தக் கோயிலுக்குப் போகும் வழியில் நீங்கள் எனக்குச் செய்த ஓர் உதவிக்கு இத்தனை வருடம் கழித்து நன்றி சொல்கிறேன்.

சின்ன வயதில் அம்மாதான் எனக்குப் பாட்டு டீச்சர். சிட்னியின் வெஸ்ட்மீடிலிருந்து கோயிலுக்குக் காரில் போகிற ஒரு மணி நேரம்தான் வகுப்பு. பதினான்கு வயதில் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கினேன். பாட்டு நின்றுபோனது. “இந்த இரைச்சலுக்கும் ராகத்துக்கும் என்னடா சம்பந்தம்?” என்று அம்மா கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அதற்குப் பிறகு அந்தக் காரில் பாட்டைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

2012இல் உங்கள் முதல் ஆல்பம் ‘தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்’ வந்தது. சன் டிவியின் ‘ஊ லலலா’ போட்டியில் ஏ.ஆர். ரஹ்மான் முன்னால் நீங்கள் வாசித்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. ஒரு சனிக்கிழமை, கோயிலுக்குப் போகும் வழியில், அம்மா பக்கத்தில் இருக்கும்போதே அதைப் போட்டேன். ‘ஸ்வான்ஸ் ஆஃப் சரஸ்வதி’ வந்தது. தியாகராஜரின் ‘பந்துரீதி கோலு’, ஹம்சநாதம். ராமனிடம் காவற்சேவகம் கேட்கிற கீர்த்தனை. அம்மா முதலில் முகத்தைச் சுளித்தார். பல்லவி இரண்டாம் முறை வரும்போது பார்த்தேன், அவர் வலது கை தொடையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டிருந்தது. தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல்.

அன்று இரவு கிட்டாரை எடுத்து உட்கார்ந்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. ராக் கிட்டாரின் அடிப்படையான பவர் கார்டில் இருப்பது ஷட்ஜமமும் பஞ்சமமும்தான், காந்தாரம் கிடையாது. இன்று பாடும் வழக்கில் ஹம்சநாதம் ச ரி ம ப நி. அதிலும் காந்தாரம் கிடையாது. அதனால் அந்தக் கனத்த கிட்டார் ஒலி ராகத்தின் மேல் ஓர் அந்நிய ஸ்வரத்தையும் ஏற்றுவதில்லை. ச, ப என்று தம்புரா மாதிரி அடியில் நிற்கிறது. அதற்கு மேலே குரலும் வயலினும் தாராளமாகக் கமகம் போடலாம். ராகத்தை ராக்கின் மேல் ஜரிகை போல ஒட்டவைக்கிறவர்கள் நிறைய. நீங்கள் இரண்டும் ஒட்டுகிற இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தீர்கள். நீண்ட பாடல், உள்ளுக்குள் நகர்ந்துகொண்டே போகிற கட்டமைப்பு என்று புரோகிரசிவ் ராக் எதற்கு ஏங்கியதோ, அது நம் கீர்த்தனையில் பல்லவி, அனுபல்லவி, சரணமாகவும் சங்கதிகளாகவும் ஏற்கெனவே இருந்தது. 1983இல் வந்த, மரில்லியன் ராக் குழுவின் முதல் ஆல்பத்தில் ஸ்டீவ் ரோதரியின் கிட்டார் பாடுவதைக் கேட்டு வளர்ந்த என் போன்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியும்.

சுவாதித் திருநாளின் தனாஸ்ரீ தில்லானாவும் கேரளத்து வஞ்சிப்பாட்டும் அதே ஆல்பத்தில் இருக்கின்றன. இரண்டும் அருமை. ஆனால் என் கடன் பந்துரீதியோடுதான்.

அம்மாவின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று மறுநாள் அவருக்குக் காந்தாரக் கணக்கை வாசித்துக் காட்டினேன். “ரி இன்னும் கொஞ்சம் நின்னு வரணும்” என்றார். பதினான்கு வயதில் நின்ற வகுப்பு அந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கியது. இன்றும் நடக்கிறது. அவர் பாட, நான் கிட்டாரில் பிடிக்கிறேன்.

சிட்னிப் பக்கம் வந்தால் ஹெலன்ஸ்பர்க்குக்கு வாருங்கள். தரிசனம் முடித்து கேன்டீனில் தோசை சாப்பிடலாம். அம்மா உங்களுக்குப் பந்துரீதி பாடிக் காட்ட வேண்டும் என்கிறார்.


வெஸ்ட்மீடிலிருந்து ஒரு கிட்டார் மாணவன்