கப்பலில் கக்கூஸ் கழுவியது யார்?

பாய்மரக் கப்பல் சண்டைக் கதைகளை விரும்பிப் படிக்கிற ஆள் நான். இதைச் சொன்னால் தோழர்கள் சிரிக்கிறார்கள். ‘சேரிக்காரனுக்கும் வெள்ளைக்காரன் கப்பலுக்கும் என்னப்பா சம்பந்தம்?’ என்று கேட்கிறார்கள். சம்பந்தம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

சாண்டில்யனின் ‘கடல் புறா’வில் தொடங்கிய பழக்கம் இது. இளைய பல்லவன் கடலில் போகிறான், போர் செய்கிறான், காதலிக்கிறான். கல்லூரியில் தமிழ் எம்.ஏ. படித்தபோதும் சோழர் கடற்படைப் பெருமையை நெஞ்சு நிமிர்த்திக் கேட்டோம். துடுப்பு வலித்தவன் யார், அவன் பேரு என்ன என்று வாத்தியாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பிறகு நடைபாதைப் புத்தகக் கடைகளில் ஆங்கில நாவல்கள் கிடைத்தன. சி.எஸ். ஃபாரெஸ்டர் 1937இல் தொடங்கிய ஹார்ன்ப்ளோவர் கதைகள். பேட்ரிக் ஓ’பிரையன் 1969 முதல் 1999 வரை இருபது நாவல்களாக எழுதிய ஜாக் ஆப்ரி, ஸ்டீபன் மாச்சுரின் கதைகள். பெரும்பாலும் பிரான்சோடு இங்கிலாந்து சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்துக் கதைகள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். காற்று எந்தப் பக்கம் திரும்புது, பாயை எப்போ சுருட்டணும், எதிரிக் கப்பலை எப்படி மடக்கணும் என்று ராத்திரி முழுக்கத் தூங்கவிடாத கதைகள். எழுத்தில் குறை சொல்ல முடியாது.

ஆனால் இந்தக் கதைகளுக்கு ஒரு இடம் உண்டு. அவை பெரும்பாலும் கேப்டன் நிற்கிற இடத்திலிருந்துதான் கப்பலைப் பார்க்கின்றன. மேல்தளத்தின் பின்பகுதி அது. அங்கேயும் காற்று வருகிற பக்கம் கேப்டனுக்கு மட்டும். அவர் அங்கே உலாவும்போது மற்றவர்கள் எதிர்ப்பக்கம் ஒதுங்கிப் போக வேண்டும். இதைப் படித்ததும் எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. சேரியில பட்ட காத்து ஊருக்குள்ள வரக்கூடாதுன்னு திசை பார்த்துக் குடிவைத்த ஊர்கள் நம்மிடம் எத்தனை! காற்றைக்கூடப் பங்கு போட்டுக்கொள்வதற்குப் பெயர்தான் அதிகாரம்.

கீழே என்ன இருந்தது? 1805இல் டிரஃபால்கர் சண்டையில் நெல்சன் நின்ற ‘விக்டரி’ கப்பலில் சுமார் 820 பேர் இருந்தார்கள். பீரங்கிகளுக்கு நடுவில் தூளி கட்டித் தூங்கினார்கள். தூளி கட்ட ஒரு ஆளுக்கு விதிப்படி 14 அங்குல அகலம். கேப்டனுக்குப் பின்பக்கம் சன்னல் வைத்த அறை, தனிக் கழிப்பிடம். மாலுமிகளுக்கோ கப்பலின் முன்மூக்கில், கடலுக்கு மேலே, திறந்தவெளியில் ஓட்டை போட்ட பலகை. பாய்மரக் கப்பலுக்குக் காற்று பெரும்பாலும் பின்னாலிருந்து வரும். நாற்றம் முன்னால் போய்விடும், கேப்டன் மூக்குக்கு வராது. அதற்காகத்தான் அந்த ஏற்பாடு.

தளத்தைக் கல்லால் தேய்த்துக் கழுவுகிற காட்சி இந்த நாவல்களில் திரும்பத் திரும்ப வரும். விடியற்காலை, ஈரப் பலகை, அழகாக இருக்கும். அந்த முன்மூக்கைக் கழுவியது யார்? கதைகள் அங்கே தங்குவதில்லை. விடை ஒரு பழைய நூலில் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நத்தானியேல் போட்டெலர் என்கிற கேப்டன் கப்பல் வழக்கங்களை எழுதி வைத்தார். திங்கட்கிழமை முதலில் பொய் சொல்லி மாட்டிக்கொள்கிறவனை நடுமரத்தடியில் ‘பொய்யன்’ என்று கூவி அறிவிப்பார்கள். அந்த ஒரு வாரம் கப்பலுக்கு வெளிப்பக்கத்தைக் கழுவுவது அவன் வேலை. அடுத்த திங்கள் வேறு ஆள்.

இதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். எங்கம்மா ஒரு நகராட்சியில் துப்புரவுத் தொழிலாளி. அவங்க என்ன பொய் சொன்னாங்க? வெள்ளைக்காரன் கப்பலில் ஒரு பொய்க்கு ஒரு வாரம் கொடுத்த தண்டனையை இங்கே பிறப்புக்காக ஆயுசு முழுக்கக் கொடுத்தார்கள். ஆயாவுக்கு, அம்மாவுக்கு என்று வரிசையாகக் கொடுத்தார்கள். அந்தப் பொய்யனுக்கு விடிந்த திங்கட்கிழமை எங்கம்மாவுக்கு முப்பது வருசமா விடியல. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். அதற்குப் பிறகும் சாக்கடைக் குழிக்குள் இறங்கிச் செத்தவர்கள் எந்தச் சாதி என்று இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதற்காக அந்தக் கப்பலைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. துறைமுகத் தெருக்களில் ஆளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஏற்றினார்கள். ஒன்பது வால் சவுக்கால் எல்லோர் முன்னாலும் முதுகை உரித்தார்கள். நாவல்கள் இதை மறைக்கவில்லை, எழுதத்தான் செய்கின்றன. ஆனால் கூடவே ஒரு நல்ல கேப்டனையும் வைத்துவிடுகின்றன. ஹார்ன்ப்ளோவருக்குச் சவுக்கடி பிடிக்காது. 1962இல் வந்த நாவலில் அவருடைய பணியாள் டவ்ட்டி, மேலே உள்ளவனை அடித்துவிடுகிறான். அதற்குத் தண்டனை தூக்கு. ஹார்ன்ப்ளோவர் ரகசியமாக அவனைத் தப்பவிடுகிறார். படிக்கிற நமக்குக் கண் கலங்குகிறது. ஆனால் அந்தச் சட்டம் அப்படியேதான் இருக்கிறது. அடுத்த டவ்ட்டிக்கு அடுத்த கேப்டன்.

ஓ’பிரையனின் 1973ஆம் ஆண்டு நாவலில் கப்பல் பம்பாய்க்கு வருகிறது. டாக்டர் மாச்சுரின் தில் என்கிற ஏழைச் சிறுமியோடு நட்பாகிறார். அவள் ஆசைப்பட்ட வெள்ளி வளையல்களை வாங்கித் தருகிறார். அந்த வளையல்களுக்காகவே யாரோ அவளைக் கொன்றுவிடுகிறார்கள். அவரே பிணத்தைச் சுமந்துபோய்க் கடற்கரையில் எரிக்கிறார். அருமையாக எழுதப்பட்ட பக்கங்கள். இந்த நாட்டில் கருணை எந்த வேலியும் இல்லாமல் ஒரு பிள்ளையின் கையில் ஏறினால் என்ன நடக்கும் என்பதை ஆசிரியர் தெரிந்தே எழுதியிருக்கிறார். ஆனால் அந்தப் பிள்ளை எதற்கு வந்தாள்? டாக்டரின் மனசு எவ்வளவு ஆழமானது என்று காட்டத்தான். கப்பல் நங்கூரம் தூக்கிப் போய்விடுகிறது.

கருணையால் மாறாதது 1797இல் மாறியது. மாலுமிகளின் சம்பளம் நூறு வருசத்துக்கும் மேல் ஏறவேயில்லை. ஒரு ராத்தலுக்கு 16 அவுன்ஸ். கப்பலில் அளந்து போட்டது 14 அவுன்ஸ். மிச்சம் பண்டகக் கணக்கனுக்கு. அந்த ஏப்ரலில் ஸ்பிட்ஹெட் என்ற இடத்தில் நின்ற கப்பல்களின் மாலுமிகள், கப்பலுக்கு இரண்டு பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து, நங்கூரம் தூக்க மாட்டோம் என்றார்கள். சம்பளம் உயர்ந்தது, ராத்தல் முழு ராத்தல் ஆனது, அரசன் மன்னிப்பு எழுதிக் கொடுத்தான். அடுத்த மாதமே நோர் என்ற இடத்தில் எழுந்தவர்களை அரசு நசுக்கியது. அவர்கள் தலைவர் ரிச்சர்ட் பார்க்கரை ஜூன் 30ஆம் தேதி கப்பலிலேயே தூக்கில் போட்டார்கள். ஜெயித்ததும் தோற்றதும் அவர்கள் தாங்களே செய்தது. நல்ல கேப்டன் யாரும் வாங்கிக் கொடுக்கவில்லை.

கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் எழுதவே இல்லையா? எழுதினார்கள். ஒலாடா எக்வியானோ ஒரு கடற்படை அதிகாரியின் அடிமை. 1759இல் லாகோஸ் கடற்சண்டையில் பீரங்கிக்கு வெடிமருந்து சுமந்து ஓடிய சிறுவன். இத்தனை உழைத்ததற்கு விடுதலை கிடைக்கும் என்று நம்பினான். எஜமான் 1762இல் அவனை விற்றுவிட்டான். அவன் கூலியும் தனக்கே சொந்தம் என்றான். எக்வியானோ சிறுகச் சிறுகக் காசு சேர்த்து 1766இல் தன்னைத் தானே விலைக்கு வாங்கினார். 1789இல் தன் வரலாற்றைத் தன் பெயரில் வெளியிட்டார். அடிமை வாணிபத்துக்கு எதிரான போராட்டத்துக்கு அது ஆயுதமானது.

‘சரித்திரக் கதையெல்லாம் அவங்க சரக்கு’ என்று நம் எழுத்தாளர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். தன்வரலாற்றில் நாம் கற்றுக்கொண்ட கண்ணோடு அந்தக் கப்பல்களில் ஏறலாம். சோழன் கப்பலிலும் ஏறலாம். போர்முறையும் பாய்களின் பெயரும் அவர்களிடமே கற்றுக்கொள்ளலாம், தப்பில்லை. ஸ்பிட்ஹெட்டில் கணக்கன் வீசிய 14 அவுன்ஸ் இறைச்சியைக் கையில் தூக்கி, ‘இது குறையுது’ என்று பக்கத்திலிருந்தவனிடம் முதலில் சொன்ன ஒருத்தன் இருந்திருப்பான். கதை அவனிடமிருந்து தொடங்கட்டும்.