சிம்னிக் கரி காட்டிய இடம்

போன இதழ் கேள்வி-பதிலில், தாத்தா காலத்து ரைபிளின் மரக்கட்டை ஆடுகிறது, ஊர் ஆசாரியிடம் கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கொடுக்கக் கூடாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி அதற்கென உரிமம் பெற்றவர்தான் துப்பாக்கியைப் பழுதுபார்க்கலாம். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். ஆடுகிற கட்டை என்ன செய்யும் என்பதைச் சிறுவயதில் கண்ணால் பார்த்தவன் நான்.

ஊட்டிக்குப் பக்கத்தில் எங்களுக்கு உருளைக்கிழங்குத் தோட்டம். 1972-இல் வனவிலங்குச் சட்டம் வருவதற்கு முந்தைய காலம். அப்பாவிடம் உரிமத்தோடு இஷாப்பூர் .315 ரைபிள் இருந்தது. (.303 ராணுவத் தோட்டா; வெள்ளைக்காரன் காலத்தில் பொதுமக்களுக்குக் கிடையாது. .315 இங்கே பரவியது அதனால்தான்.) மழை விட்ட ஒரு சாயங்காலம், எண்பது கஜத்தில் நின்ற காட்டுப்பன்றியைச் சுட்டார். நெஞ்சுக்கு வைத்த குறி வயிற்றில் பட்டது. பன்றி பக்கத்துத் தேயிலைக்குள் புகுந்துவிட்டது. காலையில் அங்கே பெண்கள் கொழுந்து பறிக்க வருவார்கள். அப்பா இரவு முழுக்க உட்கார்ந்தே இருந்தார். விடியும் முன்பே இரண்டு பேரோடு தேடிப்போய், சோலை ஓரத்தில் கண்டுபிடித்துக் கதையை முடித்தார்.

குறிமுனைதான் கோணல் என்று கோயம்புத்தூரில் ஒரு துப்பாக்கிக் கடைக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த பெரியவர் குறிமுனையைத் தொடவே இல்லை. திருகைக் கழற்றி முன்கட்டையை எடுத்தார். மழையில் ஊறி, அடுப்படிச் சூட்டில் காய்ந்து, மரம் சுருங்கியிருந்தது. “திருகு இறுக்கமாத்தான் இருக்கு தம்பி. ஆனா அது மரத்தைப் பிடிக்கலை, உள்ளே இருக்கிற இரும்பு வளையத்தைப் பிடிக்குது” என்றார் என்னிடம். மரம் சுருங்கும், வளையம் சுருங்காதே! அதை மயிரிழை அளவு அராவினார்.

வெடிக்கும்போது இரும்பு பின்னால் உதைக்கும். அந்த உதையைக் கட்டைக்குள் இடமும் வலமுமாக இரண்டு மர முகங்கள் சமமாகத் தாங்க வேண்டும். எங்களுடையதில் ஒன்றுதான் தாங்கியது. விட்டிருந்தால் கட்டையே பிளந்திருக்கும். சிம்னி விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து இரும்பில் தடவி, பொருத்தி, எடுத்துப் பார்த்தார். கரி ஒட்டிய இடம் மேடு. அங்கே மட்டும் உளியால் சுரண்டினார். மறுபடி கரி, மறுபடி சுரண்டல். இரண்டு நாள் இதே வேலை. எனக்குப் பசியே எடுக்கவில்லை.

அப்பா காலமானதும் ரைபிளைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டேன்.

போன வாரம் மண்வெட்டிக்குப் பிடி போட்டேன். பிடி ஆடிக்கொண்டே இருந்தது. கரி தேடினால், சிம்னி விளக்கு இப்போது யார் வீட்டில் இருக்கிறது? மெழுகுவர்த்தியைத் தட்டுக்கு அடியில் பிடித்து எடுத்துக்கொண்டேன்.