கோண்டாவில் ஒழுங்கைகள்

மருத்துவ பீடத்துக்குப் போன பிள்ளை கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு வீட்டுக்கு வரவேண்டும் என்பதுதான் யாழ்ப்பாணத்து எதிர்பார்ப்பு. 1982இல் சமுதாய மருத்துவக் களப்பயிற்சிக்கென்று என் கையில் தரப்பட்டவை ஓர் அளவு நாடாவும் ஒரு கட்டுப் படிவங்களும். பெரியம்மா அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப நீ வருத்தம் பார்க்காத டொக்குத்தரோ?" என்றா. சத்திரசிகிச்சை நிபுணருக்கும் சுகாதார வைத்திய அதிகாரியான எம்.ஓ.எச்.சுக்கும் சீதனத்தில் எவ்வளவு இடைவெளி என்பது அவவுக்கு விரல் நுனியில் இருந்தது.

பீடம் 1978இல் தொடங்கியது. சமுதாய மருத்துவப் பேராசிரியர் சிவஞானசுந்தரத்தை வாசகர்கள் நந்தி என்றால்தான் அறிவார்கள். மலையகத் தொழிலாளர் வாழ்வை 'மலைக்கொழுந்து' என்று நாவலாக்கியவர். நாவலாசிரியர் ஒருவரின் துறையில் படிக்கிறோம் என்ற எண்ணமோ என்னவோ, வீடு வீடாகப் போய்க் குடும்ப விபரம் கேட்பது எனக்குத் தண்டனையாகப் படவில்லை. மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். வார்ட்டில் நின்றிருந்தால் நாலு நோயாளரையாவது பார்த்திருக்கலாம் என்றார்கள்.

எங்கள் குழுவுக்கு விடப்பட்டது கோண்டாவில் பக்கம். சைக்கிளில் போவோம். கூட வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகரை, பி.எச்.ஐ.யை, கிழடுகள் இன்னும் 'சனிற்றரி' என்றுதான் கூப்பிட்டார்கள். படலையில் அவர் தலை தெரிந்தால் உள்ளே யாரோ அவசரமாகத் தண்ணீர்த் தொட்டியை மூடும் சத்தம் கேட்கும். ஒவ்வொரு வளவுக்கும் நாங்கள் வரைபடம் கீறவேண்டும். கிணறு, கக்கூஸ், இரண்டுக்கும் இடைத்தூரம். புத்தகத்தில் 50 அடி என்றிருந்தது.

ஒழுங்கையில் கணக்கு வேறு. ஒரு பரப்பு என்பது பத்துப் பேர்ச். சதுரமாக வெட்டினால் பக்கத்துக்கு 52 அடிதான். ஒன்றரைப் பரப்பு, இரண்டு பரப்பு என்று பிள்ளைகளுக்குப் பிரித்துப் பிரித்து எழுதிய காணிகள். கிணற்றை ஈசான மூலையில் வெட்டுவார்கள், கக்கூஸைப் பின்வேலியோரம் தள்ளுவார்கள். நம்முடைய பின்வேலி அடுத்த வீட்டுக்காரருக்கு ஈசான மூலையாகிவிடும். தனித்தனியே பார்த்தால் எல்லா வீடும் சட்டத்துக்குள் நிற்கும். வரைபடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் விபரீதம் தெரிந்தது.

அதிலும் அந்த 50 அடியை எங்கள் மண்ணை நினைத்து எவரும் எழுதியிருக்கமாட்டார்கள். மணலும் களியும் வடிகட்டிக் கொடுக்கும் ஊர்களுக்கு அது போதும். குடாநாட்டுக்கு வற்றாத ஆறில்லை, அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மாரி மழை அதன் வெடிப்புகளுக்குள் இறங்கி, கடல் நீருக்கு மேல் நன்னீராக மிதந்து நிற்கிறது. மழை போகும் வழியால் மற்றதும் போகும். ஒவ்வொரு மாரிக்குப் பிறகும் நெருப்புக் காய்ச்சல் வந்தது.

அப்படியொரு மாரியில் முதன்முதலாகக் குளோரின் போட்டேன். துலாவில் கயிற்றை இறக்கித் தண்ணீரின் ஆழம் பார்க்கவேண்டும். விட்டம் 2.5 மீற்றர், தண்ணீர் 2 மீற்றர் என்றால் ஏறத்தாழ 10,000 லீற்றர். ஆயிரத்துக்கு 2.5 கிராம் வீதம் 25 கிராம் பிளீச்சிங் பவுடர். அதை வாளியில் களிபோலக் குழைத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படியும்வரை பொறுத்திருப்போம். தெளிவை மட்டும் வேறு வாளியில் இறுத்துக் கிணற்றுக்குள் இறக்கி, தண்ணீருக்குள் மேலும் கீழுமாக ஆட்டவேண்டும். கண் எரியும். பிறகு ஒரு மணி நேரம் ஒருவரும் அள்ளக்கூடாது. அந்த ஒரு மணி நேரத்தில்தான் ஊர்க்கதை முழுதும் வரும்.

"தம்பி, என்ர அப்பு தொண்ணூறு வயது மட்டும் இந்தத் தண்ணிதான் குடிச்சவர்," என்றார் வீட்டுக்காரக் கிழவர். "உங்கட மருந்து மணக்குது. தேத்தண்ணி வாயில வைக்கேலாது."

பி.எச்.ஐ. நிதானமாகக் கேட்டார்: "அப்புன்ர காலத்தில பின்வேலியில கக்கூஸ் இருந்ததோ ஐயா?"

"அப்ப பனங்காணியெல்லோ!" கிழவர் பொக்கை வாயால் சிரித்தார். எந்த விரிவுரையிலும் எனக்கு அவ்வளவு தெளிவாக விளங்கியதில்லை.

படிவத்தில் வயது, பிறப்பு, இறப்பு, தடுப்பூசி, மலகூட வகை என்று கட்டங்கள் இருந்தன. ஒரு தாய், "நாங்கள் ஆறு பேர். ஒருத்தன் ஜேர்மனியில. அவனையும் எழுதுங்கோ தம்பி," என்றா. அவனுக்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் பென்சிலால் எழுதினேன். பிறப்பிலிருந்து இறப்பைக் கழித்தால் இயற்கைப் பெருக்கம் என்று பரீட்சைக்குப் பாடமாக்கிக்கொண்டிருந்தோம். அடுத்த வருடம் தமிழருக்கெதிரான ஜூலைக் கலவரம் வந்தது. அதற்குப் பிறகு எந்த ஒழுங்கையிலும் அந்த ஓரம்தான் நிறைந்திருக்கும்.

எங்கள் வகுப்பும் ஓரத்துக்குப் போனதுதான். நின்றவர்களில் நான் எம்.ஓ.எச். ஆனேன், பெரியம்மா கடைசிவரை சமாதானமாகவில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு போருக்கு அஞ்சி வலிகாமம் முழுதும் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நகர்ந்தது. பாடசாலைகளில், கோயில் மடங்களில், மரங்களுக்குக் கீழே சனம். நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒரு கிணறு. மழையும் விடவில்லை. கக்கூஸ் குழிகளுக்கு இடம் குறிக்க மறுபடி அளவு நாடா, மறுபடி அந்த 2.5 கிராம். பரீட்சைக்குப் படித்தது எது, உத்தியோகத்துக்குப் படித்தது எது என்று அந்த மாரியில்தான் எனக்குப் பிரிந்தது.

லெஸ்டரில் இருக்கும் நண்பன் போன வருடம் கோண்டாவிலுக்குப் போய் வந்தான். கிடுகுவேலி இருந்த இடமெல்லாம் மதில், துலாவுக்குப் பதில் மோட்டர். அவன் அனுப்பிய படங்களைப் பார்த்து எங்கள் வட்சப் குழுமத்தில் இரவிரவாக வாக்குவாதம். அந்தத் தாயின் வளவு ஜாம்பழ மரத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று ரொறன்ரோக்காரனும் மெல்பேர்ண்காரனும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒருவன் வீட்டுக்காரரின் பெயரையே சொன்னான். மற்றவன், அது அவரில்லை, அவருடைய மருமகன் என்றான்.