பக்கத்து மூட்டின் வேலை

2024 ஜூலை 1, திங்கள், தஞ்சாவூர்

கழுத்து வலி என்று வந்த அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. சர்க்கரை ரொம்ப நாளாக இருக்கிறது. கழுத்தைத் தொடும் முன் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தூக்கச் சொன்னேன். இடது கை காதை ஒட்டிப் போய் நின்றது. வலது கை தோள் உயரம் வருவதற்குள் தோள்பட்டை மொத்தமும் காதுக்கு ஏறிவிட்டது.

"தலை பின்ன முடியுதாம்மா?"

"எங்க மேடம், மகதான் பின்னி விடுறா. முதுகுப் பக்கம் கொக்கி மாட்டணும்னாலும் அவதான். ஆனா எனக்குக் கழுத்துதான் வலி."

கையை முழுதாகத் தூக்கினால் 180 டிகிரி. அதில் ஏறத்தாழ 120, மேற்கை எலும்பின் உருண்டைத் தலை தன் குழிக்குள் புரள்வதால் கிடைப்பது. மீதி 60, தோள்பட்டை எலும்பு விலாக்கூட்டின் மேல் வழுக்கித் திரும்புவதால் வருவது. பந்துக் கிண்ண மூட்டு என்று பள்ளியில் படித்தோமே, அதுதான் இது. ஆனால் இந்தக் கிண்ணத்துக்கு ஆழம் இல்லை. சின்னத் தட்டில் வைத்த எலுமிச்சம்பழம் மாதிரி. உடம்பிலேயே அதிகத் திசைகளில் அசைவதும், எளிதில் நழுவிக்கொள்வதும் அதனால்தான்.

இந்த அம்மாவுக்கு மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கிவிட்டது. முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னேன், வரவில்லை. நான் பிடித்துத் திருப்பினாலும் அதே இடத்தில் முட்டி நிற்கிறது. 'உறைந்த தோள்' என்று பாஸ்டன் நகர மருத்துவர் எர்னஸ்ட் கோட்மன் 1934இல் பெயரிட்டது இதைத்தான். சர்க்கரை உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் வருகிறது.

பந்து புரளாததால், தோள்பட்டையை மேலே இழுத்துத்தான் அவருக்கு எல்லாக் காரியமும் ஆகிறது. அப்படி மேலே இழுக்கும் தசையின் மறுமுனை கழுத்திலும் பின்மண்டையிலும் இருக்கிறது. நாள் முழுக்கத் தோளின் வேலையைச் சுமந்த கழுத்து வலிக்காமல் என்ன செய்யும்? சரியாவதற்கு ஒரு வருடம் ஆகலாம், சிலருக்கு இரண்டு மூன்றும் ஆகும் என்று மறைக்காமல் சொன்னேன். மேசையைப் பிடித்துக் குனிந்து, கையைத் தொங்கவிட்டு ஊசலாட்டும் பயிற்சியில் தொடங்கினோம். போகும்போது, "அப்போ கழுத்துக்கு ஒண்ணும் இல்லையா மேடம்?" என்று மறுபடியும் கேட்டார். நியாயமான கேள்விதான். வலிக்கிற இடம் அவருடையது அல்லவா.

ஜூலை 2, செவ்வாய்

வாலிபால் ஆடிப் பாதம் உட்பக்கமாக மடங்கிய கல்லூரிப் பையன். கணுக்கால் மூட்டு பாதத்தை மேலும் கீழும்தான் அசைக்கும்; உள்ளே, வெளியே சாய்ப்பது அதற்குக் கீழே இருக்கிற இன்னொரு மூட்டு. வெளிப்புறத் தசைநார் இழுபட்டு வீங்கியிருக்கிறது. வீக்கம் இறங்குவதற்குள் எண்ணெய் போட்டு அழுத்தி நீவியிருக்கிறார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வேதனையாக இருக்கிறது. கட்டுப் போட்டு, காலை உயர்த்தி வைக்கச் சொல்லி அனுப்பினேன்.

ஜூலை 4, வியாழன்

பரதம் கற்கும் சிறுமி, பதின்மூன்று வயது. இரண்டு முழங்கால்களிலும் உட்பக்கம் வலி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. அம்மா கூடவே வந்திருந்தார்.

அரைமண்டியில் உட்காரச் சொன்னேன். முதுகு நேர், தோள் நேர், பார்க்க அழகு. பாதங்கள் இரண்டும் ஏறக்குறைய எதிரெதிர்த் திசையில் இருந்தன. ஆனால் முழங்கால் சில்லு பாதம் காட்டிய பக்கம் பார்க்கவில்லை, முன்பக்கமாகத் தங்கிவிட்டது. பாதத்தின் உள்வளைவு தரையில் படுத்திருந்தது.

குப்புறப் படுக்கவைத்து, முழங்காலைச் செங்குத்தாக மடக்கி, கீழ்க்காலை மெல்லச் சாய்த்து இடுப்பின் வெளிச்சுழற்சியைக் கோணமானியில் அளந்தேன். வலது 34, இடது 36. நின்றபோது பாதங்கள் காட்டியது ஒவ்வொன்றும் 75க்குக் கிட்ட. அரைமண்டியில் இடுப்பு மடங்கியிருப்பதால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும். அப்படியும் 75 வராது. மீதி எங்கிருந்து வருகிறது? மடங்கிய முழங்கால் கொஞ்சம் திருகிக் கொடுக்கும். நேராக நீட்டினால் அந்தத் திருகல் இல்லை. அடவு முடிந்து பாதத்தைத் தரையில் அழுத்தியபடியே எழும் ஒவ்வொரு முறையும் முழங்காலின் உட்பக்கத் தசைநார் அந்தக் கணக்கைச் செலுத்துகிறது.

முழங்கால் மடங்கி நீள்வதற்கென்று அமைந்த மூட்டு. திரும்புவது இடுப்பின் வேலை. ஆழமான கிண்ணத்தில் பந்து அமர்ந்திருப்பது அங்கேதான்.

"தினம் பண்ணினா திரும்பிடாதா மேடம்?" என்றார் அம்மா.

தொடை எலும்பின் கழுத்து எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் வேறு. குழந்தையில் அதிகமாக இருந்து வளர வளரக் குறைந்து, பெரியவர்களில் சராசரியாக 15 டிகிரி அளவில் நிற்கும். அது அதிகமாகவே தங்கிவிட்டவர்களுக்கு இடுப்பு உட்பக்கம் நன்றாகத் திரும்பும், வெளிப்பக்கம் குறையும். எலும்பைப் பயிற்சியால் திருப்ப முடியாது. இருக்கிற 35ஐ வழுவாமல் பிடித்துக்கொள்ள, பின்புறத்தின் ஆழத்திலுள்ள சின்னத் தசைகளைப் பலப்படுத்த முடியும். அதைச் சொன்னதும் அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. "அப்போ நான் ஆடக் கூடாதா?" ஆட வேண்டும், ஆடத்தான் வேண்டும் என்று அழுத்திச் சொன்னேன். டீச்சரை ஒருமுறை அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 6, சனி

மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் பிரித்த தாத்தா. கையை ஊன்றி விழும்போது முறிகிற இந்த இடத்தை டப்ளின் மருத்துவர் ஆபிரகாம் கோலிஸ் 1814இலேயே எழுதிவைத்தார். எலும்பு கூடிவிட்டது. அவருடைய குறை வேறு.

"கோயில்ல தீர்த்தம் வாங்க முடியலம்மா. கை மலர மாட்டேங்குது."

வாங்கிக் காட்டுங்கள் என்றேன். முழங்கை விலாவுக்குள் ஒடுங்கியது, தோள் வெளியே திரும்பியது, உடம்பே ஒருக்களித்துச் சாய்ந்தது. உள்ளங்கை மட்டும் பாதி சாய்வில் நின்றது. முன்கையில் இரண்டு எலும்புகள். சுண்டுவிரல் பக்கத்து எலும்பு நிலையாக நிற்க, கட்டைவிரல் பக்கத்து எலும்பு அதைச் சுற்றிப் புரண்டால் கை கவிழும். புரண்டு திரும்பினால் மலரும். முழங்கை அருகே ஒரு மூட்டு, மணிக்கட்டு அருகே ஒன்று, இரண்டும் சேர்ந்து சுழல வேண்டும். சோற்றை அள்ளக் கை கவிழ்கிறது, வாய்க்கு வரும் வழியில் மலர்கிறது. சாவி திருப்புவதும் இதுதான்.

முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, முஷ்டியில் ஒரு பென்சிலைப் பிடிக்கச் சொன்னேன். செங்குத்தாக நின்ற பென்சில் கவிழும் பக்கம் 70 வரை சாய்ந்தது. மலரும் பக்கம் 30இல் நின்றுவிட்டது. வீட்டில் கரண்டியைப் பிடித்து அதன் கனத்திலேயே மெல்லச் சாயவிடச் சொல்லியிருக்கிறேன். தோள் உதவிக்கு வராமல் இருக்க, அக்குளில் ஒரு துண்டை இடுக்கிக்கொள்ள வேண்டும்.

ஜூலை 9, செவ்வாய்

முழங்கால் மாற்று அறுவை செய்த பாட்டி. வீட்டில் எல்லோரும் எத்தனை டிகிரி மடங்குகிறது என்றே கேட்கிறார்கள். மடக்கம் 105 வந்துவிட்டது. நீட்டத்தில்தான் 8 டிகிரி பாக்கி. எனக்குக் கவலை அந்த எட்டில். முழுதாக நீளாத காலில் நின்றால் தொடைத் தசைக்கு ஓய்வே இல்லை, அந்தக் கால் குட்டையானதுபோல் நடை சாயும், இடுப்பும் முதுகும் சேர்ந்து வாங்கிக்கொள்ளும். காரணம் படுக்கையிலேயே இருந்தது. பேத்தி அன்பாக முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்திருக்கிறாள். அதை எடுத்துவிட்டு, குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டு வைத்தோம்.

"மார்கழிக்குள்ள கோலம் போட்ருவேனா?"

கோலத்துக்கு முழங்கால் அதிகம் வேண்டாம் என்றேன். எங்கள் தெருவில் குனிந்து போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கால் ஏறக்குறைய நேர், முதுகு பலகைபோல், வளைவு மொத்தமும் இடுப்பில். மாவைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உரசி விடுகின்றன; கட்டைவிரலின் அடியிலிருக்கும் சேண மூட்டு அதை மற்ற விரல்களுக்கு எதிரே கொண்டுவருகிறது. பாட்டி அங்கேயே கட்டில் விளிம்பைப் பிடித்துக் குனிந்து காட்டினார். இடுப்பு அருமையாக மடங்குகிறது.

ஜூலை 13, சனி

நடன டீச்சரே வந்துவிட்டார். கோபமாக வருவாரோ என்று இருந்தது. இல்லை, கவனமாகக் கேட்டார். சிறுமியைப் படுக்கவைத்து மறுபடி அளந்து காட்டினேன். பிறகு இடுப்பு தருகிற அளவுக்கு மட்டும் பாதத்தைத் திருப்பி அரைமண்டியில் நிற்கவைத்தோம். முழங்கால் சில்லு இரண்டாம் விரலுக்கு நேராக வந்தது, உள்வளைவு எழுந்தது. டீச்சர் தட்டுக்கழி இல்லாமல் கையாலேயே தாளம் போட, தட்டடவு ஆடினாள்.

"உட்காரும் ஆழம் குறையலையே," என்றார் டீச்சர், ஆச்சரியத்தோடு. ஆழம் முழங்கால் மடக்கத்தில் வருவது. பாதத் திருப்பத்துக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு.

வகுப்பில் இன்னும் சிலர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்களாம். வந்து எல்லோரையும் பார்க்க முடியுமா என்று கேட்டார். அடுத்த ஞாயிறு போகிறேன். முதலில் இடுப்பு, பிறகு முழங்கால், கடைசியில் பாதம். வலி எங்கே என்று கேட்பதற்கு முன்பே மூன்றையும் அளந்துவிட வேண்டும்.