ஊதியூர்க் கரட்டில் எவ்வளவு மண்?

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகும் பேருந்தில் வந்து ஊதியூரில் இறங்கியபோது வெயில் இன்னும் ஏறவில்லை. முந்தின இரவு நல்ல மழை. டீக்கடை ஓரத்துக் குழியில் தண்ணீர் கலங்கி நின்றது. டீ 12 ரூபாய். பக்கத்துப் பெட்டிக்கடையில் 10 ரூபாய்க்கு இரண்டு எலுமிச்சை வாங்கிக்கொண்டேன். பையில் ஏற்கெனவே ஒரு இரும்புக் கம்பி, அளவு நாடா, களைக்கொத்து, தண்ணீர் பாட்டில்கள் இருந்தன.

கரட்டு மண்ணைப் பற்றிக் கேட்டால், "அது வெறும் பாறைங்க, ஒண்ணுக்கும் ஆகாது" என்றுதான் இந்தப் பக்கம் எல்லோரும் சொல்கிறார்கள். பாறை எத்தனை விரல் ஆழத்தில் இருக்கிறது, அதற்கு மேலே என்ன கிடக்கிறது என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. அதைப் பார்க்கத்தான் வந்தேன்.

இது மழை மறைவுப் பிரதேசம். ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வந்துவிடும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று மழையைத் தராததோடு, இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகும். வழியெல்லாம் காற்றாலைகள் நிற்பது அதனால்தான்.

உத்தண்ட வேலாயுத சுவாமி கோயிலுக்கு ஏறும் பக்கம் காப்புக்காடு. அங்கே தோண்டக் கூடாது. தோண்டத் தேவையும் இல்லை. மழைநீர் அறுத்த கரையும் பாதைக்காக வெட்டிய சரிவும் மண்ணின் உள்பக்கத்தைத் திறந்தே வைத்திருந்தன. ஒரு கரையில் நாடாவைப் பிடித்தேன். மேலே விரற்கடை உயரத்துக்குச் சரளை. அதன் கீழே பழுப்பேறிய சிவப்பு மண். அதற்கும் கீழே பாறையென்று தோன்றினாலும் கைவிரலால் கிள்ளினால் உதிரும் ஒரு அடுக்கு. வெயில் பட்டதும் அதில் காக்காய்ப்பொன் மின்னியது. பிறகு கெட்டிப் பாறை. மொத்தம் 31 சென்டிமீட்டர். நாலு எட்டு தள்ளி அளந்தால் 9 தான். இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் மண்ணே இல்லை. வழுவழுப்பான வெற்றுப் பாறை, அதன் மேல்பரப்பு வெங்காயத் தோல்போல ஏடு ஏடாக உரிந்துகொண்டிருந்தது.

அந்த ஏடுகள்தான் இங்குள்ள மண்ணுக்கெல்லாம் மூலம். பாறையிலிருக்கும் ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் சிதைந்து களியாகிறது, இரும்பு துருவேறிச் சிவப்பைக் கொடுக்கிறது, எதற்கும் அசையாத வெங்கச்சங்கல் மணலும் சரளையுமாக மிஞ்சுகிறது. மழை குறைந்த நாட்டில் இந்த வேலை மிக மெதுவாக நடக்கும். ஒரு சென்டிமீட்டர் மண் சேரப் பல தலைமுறை ஆகும். சரிவில் அதை மழை ஒரே இரவில் கொண்டுபோகவும் முடியும்.

வெற்றுப் பாறையின் நடுவே ஓர் உசில மரம் நின்றது. ஒன்பது சென்டிமீட்டர் மண்ணில் புல்லே காய்ந்து கிடக்க, இதற்கு ஏது சோறு என்று அடிமரத்தைச் சுற்றி வந்தேன். வேர் பாறை வெடிப்புக்குள் இறங்கியிருந்தது. அதே வெடிப்பில், வேரைத் தொடாமல், கம்பியை மெல்ல விட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய முக்கால் மீட்டர் நீளமுள்ள கம்பி, கைப்பிடி வரை உள்ளே போனது. வெளியே எடுத்தபோது நுனியில் ஈரமண் ஒட்டியிருந்தது. சுற்றியுள்ள பாறையில் விழும் மழையெல்லாம் வழிந்து அந்த வெடிப்புக்குத்தான் போகிறது. பெய்தது 40 மில்லிமீட்டர் என்றாலும் அந்த மரத்துக்குக் கிடைப்பது அதைப்போலப் பல மடங்கு. கரட்டு மண்ணுக்குச் சராசரி ஆழம் என்று ஒரு எண்ணைச் சொல்வதில் எனக்கு அன்றோடு நம்பிக்கை போய்விட்டது.

இறங்கி, அடிவாரத்துக் கொறங்காடுகள் பக்கம் நடந்தேன். கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேல மரங்கள். காங்கேயம் மாடுகளை இந்த மேய்ச்சல் நிலங்கள்தான் வளர்த்திருக்கின்றன. ஒரு வேலிப் படலில் நின்றிருந்த பெரியவரிடம் தோண்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"தாராளமாத் தோண்டுங்க. கல்லுத்தான் வருமுங்க" என்றார்.

வந்தது. கடப்பாரை கொடுத்து உதவியவரும் அவர்தான். 22 சென்டிமீட்டரில் 'ணங்' என்றது. தோண்டிய மண்ணைத் துண்டில் கொட்டிக் கல்லைத் தனியாகப் பிரித்தேன். மூன்றில் ஒரு பங்கு கல். அங்கேயே மண்ணில் குச்சியால் கணக்குப் போட்டுக் காட்டினேன். இதுபோன்ற மணல் கலந்த செம்மண், பத்து சென்டிமீட்டர் கனத்துக்குச் செடி எடுக்கக்கூடிய தண்ணீராக 10 முதல் 12 மில்லிமீட்டர்தான் பிடித்து வைக்கும். 22 சென்டிமீட்டருக்கு 25 என்று வைத்தாலும், கல்லின் பங்கைக் கழித்தால் 16, 17. நல்ல வெயில் நாளில் செடியும் மண்ணும் சேர்ந்து 5 மில்லிமீட்டர் வரை இழக்கும். மூன்று நாள். நாலாம் நாள் பயிர் வாடத் தொடங்கும்.

"அப்ப பெஞ்ச மிச்ச மழையெல்லாம் எங்கீங்க போச்சு?" என்று கேட்டார் பெரியவர். சரியான கேள்வி. குழியின் அடியில் பாறை மேல் தண்ணீர் மெல்லக் கசிந்து சரிவை நோக்கிப் போவதை இருவரும் குனிந்து பார்த்தோம். அது வெளியே வரும் இடத்தைப் பிறகு கண்டேன். காட்டின் கீழ்க்கோடியில், முப்பது அடி நீளத்துக்கு மண் கறுத்து ஈரமாக இருந்தது, கோரை முளைத்திருந்தது.

அவர் வைத்திருப்பது இரண்டு துண்டு நிலம். கீழ்க்காட்டில் கல்லெல்லாம் பொறுக்கி வரப்பில் குவித்துவிட்டுத் தீவனச் சோளம் போட்டிருக்கிறார். மேல்காடு கல்லோடு கிடக்கிறது. "கல்லப் பொறுக்கிப்போட்டா நல்ல மண்ணுங்க. மேக்காட்டுக்கும் ஜேசிபி விடலாம்னு இருக்கறன்" என்றார்.

நான் கீழ்க்காட்டில் குந்தி உட்கார்ந்தேன். மேலே தகடுபோல ஏடு கட்டியிருந்தது. நகத்தால் பெயர்த்தால் சில்லுச் சில்லாக வந்தது. மழைத்துளி நேராக அடித்ததில் மண்கட்டி உடைந்து, நொய் களி துளைகளை அடைத்திருக்கிறது. ஒரு குவளை தண்ணீர் ஊற்றினேன். நின்று, பிறகு சரிவில் ஓடியது. விரல் அகலத்துக்கு அறுப்புகள் வேறு. மேல்காட்டில் அதே அளவு தண்ணீரைக் கற்களுக்கிடையே ஊற்றினேன். ஊற்றி முடிக்குமுன் உள்ளே போனது. ஒரு கல்லைப் புரட்டினால் அடியில் குளிர்ச்சி, கறையான் ஓட்டம், வெள்ளைப் புல்வேர். தளர்வாகக் கிடக்கும் கல் மழைத்துளியின் அடியை வாங்கிக்கொள்கிறது, வெயிலையும் தடுக்கிறது. ஏட்டோடு சேர்ந்து பதிந்துபோன கல் அப்படி இல்லை. அதன் மேல் விழும் தண்ணீரும் ஓடத்தான் செய்யும். அதையும் அவருக்குக் காட்டினேன்.

சோளத்தின் இளந்தளிர்கள் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி வெளிறியும் இருந்தன. அங்கே தோண்டியதில் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான்கல் உருண்டைகள். ஒன்றை நசுக்கி எலுமிச்சையைப் பிழிந்தேன். சிறு குமிழிகள் கிளம்பின. மழை அதிகமுள்ள ஊரில் இந்தச் சுண்ணாம்பு கரைந்து போயிருக்கும். இங்கே அரைகுறையாகக் கரைந்து கீழே தங்கிவிடுகிறது. இரும்பும் துத்தநாகமும் மண்ணில் இருந்தும் செடியின் கைக்கு எட்டாமல் போவது இதனால்தான். மேல் மண் கரைந்து ஓட ஓட, சுண்ணாம்பு வேருக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

பெரியவர் மேல்காட்டுக்குத் திரும்பி வந்து, தானே இன்னொரு கல்லைப் புரட்டி, உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தார். "பெரிய கல்லு நாலஞ்ச மட்டும் எடுத்துக் குறுக்க வரிசையாப் போட்டுக்கறனுங்க. மத்தது கெடக்கட்டும். கொள்ளு வெதைக்கறதுக்கு இதுவே போதும்" என்றார். வரிசையைச் சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் போடவேண்டும் என்று சொன்னேன். தாழ்ந்த இடம் இருந்தால் தண்ணீர் அங்கே கூடி அறுத்துவிடும். தண்ணீர் பாட்டிலைப் படுக்க வைத்து மட்டம் பார்க்கும் விதத்தைக் காட்டிவிட்டு, பன்னிரண்டு மணிப் பேருந்துக்கு நடந்தேன்.